துட்டி வீட்டுப் பாகு

எங்கள் வீட்டில் வெள்ளைச் சீனி வாங்குவது தேனீக்களுக்கு மட்டும்தான். என் கணவருக்குக் கருப்பட்டிக் காப்பிதான் தொண்டையில் இறங்கும். கல்யாண வீட்டில் சீனிக் காப்பி கொடுத்தால் ஒரு வாய் குடித்துவிட்டுத் தம்ளரை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிடுவார். எனக்கோ சர்க்கரை வியாதி. ஒன்றும் போடாத காப்பியைக் குடித்துக் குடித்து நாக்கு மரத்துப்போயிருந்தது. ஆனால் கார்த்திகை பிறந்துவிட்டால் போதும், மனிதர் கடைக்குப் போய்ப் பை நிறையச் சீனியோடு வந்து நிற்பார்.

"கட்டுனவளுக்கு ஒண்ணும் கிடையாது. சக்களத்திக்கு மட்டும் மூடை மூடையா வருது" என்பேன்.

அவர் அதற்குக் கோபித்துக்கொண்டதே இல்லை. "சக்களத்தி தேன் தருவா. நீ என்ன தருவே?" என்று கேட்பார்.

"ஏச்சு தருவேன்."

"அதத்தான் நெதமும் வாங்குதேன்லா" என்று சிரித்துக்கொண்டே புறவாசலுக்குப் போய்விடுவார்.

சேரன்மகாதேவியில் கன்னடியன் கால்வாய்க்குப் பக்கத்தில் எங்கள் வீடு. புறவாசலில் ஒரு மாமரம், இரண்டு தென்னை, ஒரு முருங்கை. மாமரத்து நிழலில்தான் அவருடைய இரண்டு தேன்பெட்டிகளும் இருந்தன. எறும்பு ஏறாமலிருக்கப் பெட்டிக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தி வைத்திருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு பிடித்துக்கொண்ட பைத்தியம் அது. நான் கணக்கு வாத்தியார். பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிற அவசரத்தில் எனக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவும் நேரம் இருந்ததில்லை. கொட்டிவிடுமோ என்ற பயமும் உண்டு. அதை மட்டும் அவரிடம் ஒத்துக்கொண்டதில்லை.

அவருக்குத் தேனீ என்ற வார்த்தையே வாயில் வராது. பூச்சி என்றுதான் சொல்வார். ஐப்பசி, கார்த்திகை மழையில் பூச்சி வெளியே போக முடியாது, போனாலும் பூவில் தேன் இருக்காது, எல்லாம் கழுவிக்கொண்டு போயிருக்கும். மார்கழிப் பனியில் கூட்டில் சேர்த்து வைத்ததும் தீர்ந்துவிடும். தை கடைசியில் மாம்பூ வரும்வரை நாம்தான் கை கொடுக்க வேண்டும். நம் ஊர்ப் பூச்சி பட்டினி என்றால் அப்படியே சுருண்டு கிடக்காது, ஒரு நாள் ராணியைக் கூட்டிக்கொண்டு மொத்தமாகக் கிளம்பிப் போய்விடும். பெட்டியின் பின்பக்கத்தை ஒரு விரலால் பையத் தூக்கிப் பார்ப்பார். கனம் குறைந்திருந்தால் அன்று சாயங்காலமே சீனியைத் தண்ணீரில் காய்ச்சி ஆறவைத்து, தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி, பூச்சி முங்கிப்போகாமல் இருக்க மேலே இரண்டு வைக்கோல் துண்டைப் போட்டு, பெட்டியின் மேல் அறைக்குள் வைப்பார். இருட்டுகிற நேரத்தில்தான் வைக்க வேண்டும். பகலில் வைத்தால் மணத்துக்கு ஊர்ப் பூச்சியெல்லாம் வந்து கொள்ளையடித்துவிடும்.

"நீங்க கருப்பட்டியத்தான தலையில தூக்கி வச்சிக்கிட்டு ஆடுதிய. இதுகளுக்கும் அதையே ஊத்த வேண்டியதுதான?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"ஊத்தக் கூடாதுளா. வயித்தால போயிரும்" என்றார். தேனீ கூட்டுக்குள் கழிக்காதாம். வெளியே பறந்துபோய்த்தான் கழிக்கும். மழை பிடித்துக்கொண்டால் வயிற்றிலேயே அடக்கி வைத்திருக்கும். சீனியில் கசடு கிடையாது, அதனால் தாங்கும். கருப்பட்டியில் கசடு அதிகம், தாங்காது. "மனுசனுக்கு எது நல்லதோ அது பூச்சிக்கு ஆகாது" என்று முடித்தார். உடன்குடிக் கருப்பட்டியைக் குறை சொன்ன ஒரே நெல்லைக்காரர் அவராகத்தான் இருப்பார் என்று அன்றைக்கு அவரைக் கேலி செய்தேன்.

ஐப்பசியில் அவர் போய்விட்டார். பக்கவாதம். ஆஸ்பத்திரியில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கடைசி நாட்களில் அவரால் விழுங்க முடியவில்லை. ஸ்பூனால் பாலைக் கொடுத்தால் உதட்டோரம் வழிந்து தலையணைக்குப் போகும். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, வழக்கப்படி ஒரு சொட்டுப் பால் வாயில் விட்டுவிட்டுப் போனார்கள். அத்தனை பேர் ஊற்றியும் ஒரு வாயாவது உள்ளே போனதா என்று எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் பொங்கிப் போட்டவள் நான், கடைசியில் பசியோடு அனுப்பிவிட்டேனே என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

அவருக்கு ஒரே தங்கை. கல்யாணமாகி நாக்பூரில் இருக்கிறாள். செய்தி கேட்டுக் கிளம்பியவள் மழையில் விமானம் தாமதமாகி, மதுரையில் இறங்கி, வாடகைக் காரில் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மழை வலுக்கிறது, இதற்குமேல் காத்திருக்க முடியாது என்று பெரியவர்கள் சொல்லி எடுத்துவிட்டார்கள். அவள் வந்தபோது வீடு கழுவிவிட்ட ஈரத்தோடு கிடந்தது. நடு வீட்டில் நின்று சுற்றிலும் பார்த்தாள். "நான் பால் ஊத்தலையே மைனி" என்றாள். அவ்வளவுதான். ஓங்கி அழுவாள், சேர்ந்து அழலாம் என்று காத்திருந்தேன். அவள் அழவேயில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்தும் ஊருக்குக் கிளம்பவில்லை. "உங்களை ஒத்தையில விட்டுட்டு எங்கன போக? மாசி வரைக்கும் இருக்கேன்" என்றாள். எனக்கும் அது ஆறுதலாகத்தான் இருந்தது.

மார்கழி வந்தது. தெருவெல்லாம் விடியுமுன் கோலம் போட்டு, சாணி உருண்டையில் பூசணிப் பூவைச் செருகி வைத்தார்கள். எங்கள் வாசலில் அந்த வருஷம் கோலம் கிடையாது. பால் வாங்கப் போகும்போது பார்க்கிறேன், எதிர்வீட்டுப் பூசணிப் பூவுக்குள் எங்கள் பூச்சி ஒன்று தலையைக் கொடுத்துத் துழாவிக்கொண்டிருந்தது. பூவைப் பறித்து எவ்வளவு நேரமாயிருக்கும், அதில் என்ன இருந்துவிடப் போகிறது? நேரே புறவாசலுக்குப் போய், அவர் செய்வதுபோல் பெட்டியை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தேன். வெறும் பலகையைத் தூக்கியதுபோல் எழும்பி வந்தது.

அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன். இதுகள் பசியோடு போகக் கூடாது. மாம்பூ வரும்வரை எப்படியாவது இரண்டு பெட்டியையும் காப்பாற்றிவிட வேண்டும். அந்த மார்கழியில் எனக்கு வேறு வேண்டுதல் எதுவும் இல்லை.

சீனியும் தண்ணீரும் அடுப்பில் ஏற்றிக் கிண்ட ஆரம்பித்தபோது நாத்தனார் வந்து அடுப்பை அணைத்தாள்.

"மைனி, என்ன செய்யுதிய? துட்டி வீட்டு அடுப்புல பாகு காய்ச்சுவாவளா?"

சாவு நடந்த வீட்டைத் துட்டி வீடு என்போம். வருஷம் திரும்பித் தலைத்திவசம் கொடுக்கும்வரை அந்த வீட்டு அடுப்பில் இனிப்புக் கிண்டுகிற வழக்கம் இல்லை. தீபாவளிப் பலகாரம் கிடையாது, பொங்கல் கிடையாது. எனக்குத் தெரியாததா?

"துட்டி நமக்குத்தான். பூச்சிக்கு என்ன துட்டி?" என்றேன்.

"அடுப்பு நம்மளுதுதான?"

நாக்பூரில் இத்தனை வருஷம் இருந்தவளுக்கு நெல்லைச் சாத்திரம் ஒன்றுகூட மறக்கவில்லை. சுள்ளென்று கோபம் வந்தது எனக்கு. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால் சண்டை போட மனம் வரவில்லை. அண்ணனுக்குச் செய்ய வேண்டிய எல்லாமே அவள் கையை விட்டுப் போய்விட்டன, இந்தத் துக்கம் காப்பது ஒன்றுதான் மிச்சம். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தோம். அடுப்பில் வெறும் வெந்நீர் மட்டும் வைப்பது. அதைப் புறவாசலில் துவைகல்லுக்குக் கொண்டுபோய், வானத்தின் கீழே வைத்துச் சீனியைக் கரைப்பது. வெந்நீர் இனிப்பு இல்லை, துவைகல் அடுப்பு இல்லை. சாத்திரமும் பிழைத்தது, பூச்சியும் பிழைத்தது. அவர் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

அதன்பிறகு அவளும் கூட வர ஆரம்பித்தாள். நான் மூடியைத் தூக்குவேன், அவள் சிரட்டையை வைப்பாள். எனக்கு இருந்த பயம் அவளுக்கு இல்லை. வைத்துவிட்டுப் பெட்டியில் காதை ஒட்டிக் கேட்டுக்கொண்டே நிற்பாள். "உள்ள அடுப்பு எரியுத மாதிரி சத்தம் வருது மைனி" என்பாள். சில நாட்களில் பெட்டியில் கொஞ்சம் கனம் ஏறியது. எனக்கும் சோறு இறங்கியது.

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும், திருநெல்வேலியில் என் அக்காவுக்குக் கண் ஆபரேஷன் என்று போனேன். ஒரு நாளில் திரும்புவதாகத்தான் பேச்சு. மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை. பாபநாசம் அணையைத் திறந்துவிட்டார்கள், ஆறு கரைகொள்ளாமல் வந்தது. பஸ் கிடையாது, கரண்ட் கிடையாது. எப்போதோ ஒரு தடவை போன் கிடைத்தது. "நீங்க பைய வாங்க மைனி. வீட்டுக்குள்ள தண்ணி வரல. பூச்சிய நான் பாத்துக்கிடுதேன்" என்றாள் நாத்தனார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அக்கா வீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

வெள்ளம் வடிந்து வீட்டுக்கு வந்து வாசற்படியில் கால் வைத்தபோது உள்ளேயிருந்து கருப்பட்டி மணம் வந்தது. ஒரு கணம் அவர் உட்கார்ந்து காப்பி குடிக்கிறார் என்றே நினைத்துவிட்டேன். அடுக்களையில் போய்ப் பார்த்தால் நாத்தனார் அடுப்பின் முன்னால் நின்று, கருப்பட்டிப் பாகை வேட்டித் துணியில் வடிகட்டிக்கொண்டிருந்தாள். அவருடைய பழைய வேட்டியில் கிழித்த துணி அது. சீனி டப்பா நான் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது.

"அடுப்புல பாகா?" என்றேன். வேறு எதுவும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அவள் திரும்பினாள். அவள் வந்த நாளிலிருந்து நான் பார்க்காத முகம் அது. சிரித்த முகம்.

"பாவம்னா எனக்கு வரட்டும் மைனி. அவன் சீனிய என்னைக்காவது தொட்டிருக்கானா? அவன் வளத்ததுக்கு மட்டும் சீனியான்னு மனசு கேக்கல. குடை பிடிச்சிட்டுப் போயி தெனமும் ஊத்துனேன். அவன் வாயில ஊத்தத்தான் எனக்குக் கொடுத்து வைக்கல. இதுக குடிச்சிச்சு. காலையில போயிப் பாத்தா சிரட்டைய நக்கி வச்சிருக்கு. ஒரு சொட்டு மிச்சமில்ல மைனி."

கருப்பட்டி பூச்சிக்கு ஆகாது என்று சொல்ல வாய் திறந்தேன். பள்ளிக்கூடத்தில் ஒரு கூட்டல் தப்பாகப் போட்டாலே சும்மா விடாதவள் நான். நாக்கு நுனிவரை வந்ததை எப்படி விழுங்கினேன் என்று தெரியவில்லை. "இன்னைக்கு வேண்டாம். வயிறு நிறைஞ்சிருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் புறவாசலுக்கு ஓடினேன்.

அவர் சொன்னது அப்படியே நடந்திருந்தது. இரண்டு பெட்டிகளின் முகப்பிலும் பழுப்புக் கோடுகள் வழிந்திருந்தன. மழையில் வெளியே போக முடியாமல் அடக்கி அடக்கி, முடியாமல் வாசலிலேயே கழித்திருக்கின்றன. ஈரத் தரையில் வயிறு உப்பிய பூச்சிகள் பறக்க முடியாமல் ஊர்ந்துகொண்டிருந்தன. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். கொட்டக்கூட அதற்குத் தெம்பில்லை. அவரும் கடைசியில் அப்படித்தான் கிடந்தார். அங்கேயே துவைகல்லில் உட்கார்ந்து அழுதேன்.

நாத்தனார் பின்னாலேயே வந்து நின்றாள். "என்ன மைனி இது? ஏன் இப்படிக் கெடக்குது?"

"மழை. ஈரம் ஒத்துக்கிடல" என்றேன்.

"நான் ஊத்துனது இதுக வயித்துல நின்னிருக்குமா?"

"நீ ஊத்துனதுலதான் இவ்வளவாவது இருக்கு."

எப்படி அவ்வளவு சரளமாகப் பொய் வந்தது என்று எனக்கே ஆச்சரியம். ஆனால் மனசு அவ்வளவு பெரிசாக இல்லை. அன்றிலிருந்து குழம்பில் உப்பில்லை, துணி சரியாகப் பிழியவில்லை என்று அவள் செய்வதற்கெல்லாம் எரிந்து விழுந்தேன். அவள் எல்லாவற்றையும் புருஷனை இழந்தவளின் எரிச்சல் என்று எடுத்துக்கொண்டு பொறுத்துப்போனாள். அது இன்னும் எரிச்சலாக இருந்தது. கருப்பட்டிப் பானையைப் பரணில் ஏற்றி வைத்தேன். ஈரம் காயும்வரை பூச்சிக்கு நானே கொடுக்கிறேன் என்றேன். பெட்டியின் அடிப்பலகையைக் கழுவிக் காயவைத்து, மிச்சமிருந்த பாகையெல்லாம் துடைத்தெடுத்து, குளிர் ஏறாமல் வாசலைத் தேங்காய் நாரால் பாதி அடைத்தேன். சீனித் தண்ணீரை நீர்க்கக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்தேன். கொட்டு வாங்கினேன். கை வீங்கியது. பயம் எங்கே போனது என்று தெரியவில்லை.

வலது பக்கத்துப் பெட்டி தேறவில்லை. பாதி செத்துப்போயின. மிஞ்சியவை ஒரு வெயில் காலையில் சின்ன உருண்டையாகத் திரண்டு, மாமரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, கால்வாயைத் தாண்டி ஆற்றுப் பக்கம் போய்விட்டன. நாத்தனாரும் நானும் நின்று பார்த்தோம். "போகுதே மைனி, போகுதே" என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த இடத்தில் என் கோபம் தீர்ந்தது. இதற்குக் காரணம் யார் என்பது அவளுக்குத் தெரிந்தால் தாங்குவாளா? அண்ணனுக்கு ஊற்றாத கை, அண்ணன் வளர்த்ததைக் கொன்ற கை என்று ஆகிவிடும். அதைச் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது? இனி எனக்கு இடது பக்கத்துப் பெட்டி ஒன்றுதான் கணக்கு என்று அதன்மேல் கண்ணாக இருந்தேன்.

தை பிறந்தது. தெருவில் எல்லா வாசலிலும் பொங்கல் பானை. எங்கள் வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் வாழையிலையில் மூடிப் பொங்கல் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, துட்டி வீட்டு வழக்கப்படி சொல்லிக்கொள்ளாமல் போனார்கள். வெயில் நன்றாக அடித்தது. மத்தியானம் நாத்தனார் புறவாசலிலிருந்து சத்தம் போட்டாள். ஓடிப்போய்ப் பார்த்தேன். இடது பெட்டியின் வாசலில் பூச்சிகள் வெளியே வந்து, பெட்டியைப் பார்த்தபடியே முன்னும் பின்னும் பறந்துகொண்டிருந்தன. புதுசாகப் பிறந்த பூச்சிகள் வீட்டை அடையாளம் பார்த்துக்கொள்கிற பறப்பு அது. அவர் எத்தனையோ தடவை அதைச் சொல்லிப் பார்க்கக் கூப்பிட்டிருக்கிறார், நான் அடுப்பில் வேலை இருக்கிறது என்று போனதில்லை. அன்றைக்கு நின்று பார்த்தேன். தலைக்குமேலே மாமரத்தில் பூ விட ஆரம்பித்திருந்தது. முருகா என்று வாய்விட்டுச் சொன்னேன்.

மாசியில் நாத்தனார் ஊருக்குக் கிளம்பினாள். ஆட்டோ வாசலில் நின்றது. துணிப்பெட்டியை ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து என் இரண்டு கையையும் பிடித்தாள்.

"மைனி, ஐப்பசியில தலைத்திவசத்துக்கு என்னால வர முடியாது. மகளுக்குப் பேறுகாலம். எனக்காக ஒண்ணு செய்யணும். அன்னைக்கு இதுகளுக்கு ஒரு சிரட்டை கருப்பட்டிப் பாகு ஊத்துங்க. நான் ஊத்துனேன்னு நினைச்சு ஊத்துங்க. என்ன?"

"சரி" என்றேன்.

பங்குனியில் அந்தப் பெட்டி பெருகியது. அவர் சொல்லிக் கேட்டிருந்தபடி அதைப் பிரித்து, காலியாகக் கிடந்த வலது பெட்டியிலும் குடி வைத்தேன். மறுபடி இரண்டானது. அந்த வருஷம் தேன் எடுக்கவில்லை. எனக்கு மனசு வரவில்லை.

ஐப்பசி வந்தது, மழையும் வந்தது. தலைத்திவசம் முடிந்து, ஐயரும் வந்தவர்களும் போன பிறகு பரணிலிருந்து கருப்பட்டிப் பானையை இறக்கினேன். துட்டி அன்றோடு முடிந்தது, இனி அடுப்பில் இனிப்புக் கிண்டலாம். கருப்பட்டியைத் தட்டிப் போட்டுப் பாகு காய்ச்சி, அவர் வேட்டித் துணியில் வடிகட்டி, ஒரு சிரட்டையில் ஊற்றினேன். சீனித் தண்ணீர் இரண்டு சிரட்டை. மூன்றையும் தட்டில் வைத்து, மழை விட்டிருந்த சாயங்காலத்தில் புறவாசலுக்குக் கொண்டுபோனேன். பெட்டிக்கு ஒன்றாகச் சீனித் தண்ணீரை வைத்து மூடினேன். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு துவைகல்லில் உட்கார்ந்தேன். டாக்டர் ஏசினால் ஏசட்டும். சிரட்டையைத் தூக்கி, கடைசிவரை குடித்தேன்.

இருட்டிய பிறகு நாக்பூரிலிருந்து போன் வந்தது.

"ஊத்துனியளா மைனி?"

"ஊத்துனேன்."

"குடிச்சுதா?"

"ஒரு சொட்டு மிச்சமில்ல."

அந்தப் பக்கம் அவள் அழுதாள். ஒரு வருஷமாக அழாத அழுகை. அழட்டும் என்று போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் வாயெல்லாம் கருப்பட்டி தித்தித்துக்கொண்டிருந்தது.